கல் இல்லாத மேடு

ஷெட்லாந்து
4 மார்ச் 1979

அன்புள்ள இஷ்பெல் அத்தைக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? இதற்கு முன் எழுதிய கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இதைத் திரும்பப் படிக்காமல் தபால் விமானத்துக்குக் கொடுத்துவிடப் போகிறேன். ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எண்ணெய் முனையம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மழை மேலிருந்து பெய்வதில்லை, பக்கவாட்டில் பெய்கிறது. எட்டுப் பேருக்கு ஒரு தகரக் குடிசை. நான் நாள் முழுக்க லெவல் கருவியை முக்காலியில் வைத்து, எந்தக் கால்வாய் எவ்வளவு சரிய வேண்டும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபரில் நீங்கள் விழுந்ததை மோரக் போன் செய்து சொன்னார். லீவு கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னேன். அது பொய். நான் லீவு கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. செப்டம்பரில் பென் அர்வன் உச்சியில், எல்லார் முன்னாலும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்டோபரில் நீங்கள் அந்த மலைக்குத் தனியாகத் திரும்பிப் போயிருக்க மாட்டீர்கள். விழுந்திருக்கவும் மாட்டீர்கள். இது எனக்குத் தெரியும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். செய்கிறேன்.

ஸ்ட்ருவன்


இன்வர்னஸ்
12 மார்ச் 1979

அடேய் ஸ்ட்ருவன்,

ஐந்து மாதம். எங்கள் ஊர் ஆமை கூட, அப்படி ஒன்று இருந்தால், இதற்குள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

இடுப்பைக் கேட்டாய். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. உள்ளே ஆணி வைத்திருக்கிறார்கள். இடது காலில் இரண்டு விரல் குளிரில் போய்விட்டன. முப்பது வருஷம் ஊர் நர்ஸாக இருந்தவளுக்கு, நோயாளியாகப் படுப்பது எவ்வளவு அவமானம் என்று இப்போதுதான் தெரிகிறது. என்னிடம் யாராவது "நாம இப்ப எப்படி இருக்கோம்?" என்று கேட்டால் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய சிநேகிதி என்ற உரிமையில் மோரக் வீட்டின் கீழ்த்தளத்தில் கிடக்கிறேன். அவள் சனிக்கிழமை தவறாமல் டிவியில் மல்யுத்தம் பார்க்கிறாள். பார்ப்பது மட்டுமில்லை, கூடவே கத்துகிறாள்.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலை நம் நாட்டில் இருநூற்றெழுபதுக்கு மேல். அத்தனையும் ஏறி, கடைசி ஒன்றை எல்லாரும் வரக்கூடியதாகப் பார்த்து மிச்சம் வைத்திருந்தேன். செருப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு மோரக்கே ஏறினாள். வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைக் கைப்பையில் வைத்துத் தூக்கி வந்து, உச்சிக்கு அடையாளமாக நிற்கும் கற்குவியலில் வைத்தாள். பெரிய டூகல் தோல்பைக் குழலை வாசிக்க ஆரம்பித்தான். நான் கற்குவியலின் மேல் கை வைத்தேன். அப்போது நீ அந்தக் குழாயை முக்காலியில் மாட்டி, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"அத்தை, இது உச்சி இல்ல. அந்த மேற்கு மேடு நாலு அடி உசரம் ஜாஸ்தி."

டூகல் பாதிப் பாட்டில் நிறுத்தினான். பையில் மிச்சமிருந்த காற்று மட்டும் முனகிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கீழே இறங்கும்போது ஒரு அடி கூட என் காலால் நடந்ததாக நினைவில்லை.

சரி. செய்கிறேன் என்றாய் அல்லவா? ஜூனில் பென் அர்வனுக்கு ஒரு நாள் திட்டம் போட்டுக் கொடு. எங்கே வண்டியை விடுவது, எங்கே ஆற்றைக் கடப்பது, கற்குவியலுக்கும் மேற்கு மேட்டுக்கும் நடுவில் பிளவாக இருக்கும் வெட்டுப்பாறையைச் சுற்றி எப்படிப் போவது, எல்லாம். இடுப்பில் ஆணி வைத்த பொம்பளைக்கு ஏற்ற மாதிரி. ஏறாத மலையை ஏறினேன் என்று சொல்லிக்கொண்டு சாக எனக்கு இஷ்டமில்லை.

இஷ்பெல்


ஷெட்லாந்து
25 மார்ச் 1979

அன்புள்ள அத்தைக்கு,

திட்டம் இதோ.

தார்ச்சாலை முடியும் இடத்தில் இருக்கும் இரும்புக் கதவருகே வண்டியை விட வேண்டும். அங்கிருந்து வேட்டை எஸ்டேட்டின் பாதையில், ஆற்றைக் கடக்கும் துறை வரை மூன்று மைல், சமதளம். ஆறு முழங்காலுக்கு மேல் இருந்தால் அன்றைக்குத் திட்டம் ரத்து. விவாதம் கிடையாது. துறைக்கு அப்பால் கால் புதையும் கரிச்சேறு. அதை வலப்பக்கம் சுற்றி, மான் தடம் பிடித்து, தெற்கு முகட்டின் அடிக்கு வர வேண்டும். முகட்டில் ஏற்றம் சீரானது. கற்குவியலைத் தாண்டி, வெட்டுப்பாறைக்குள் இறங்காமல் வடக்குப் பக்கம் நூறு அடி கீழே போனால் புல் விளிம்பு ஒன்று இருக்கிறது. அதன் வழியாக மேற்கு மேடு. உங்களுக்கு ஏற நாலரை மணி நேரம் போட்டிருக்கிறேன், இறங்க மூன்றரை. மேகம் மூவாயிரம் அடிக்குக் கீழே இருந்தால் கிளம்பவே கூடாது. படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். இதை விட்டுவிடலாமே? மலைகளின் அட்டவணையில் உச்சி என்று போட்டிருப்பது கற்குவியல் இருக்கும் மேட்டைத்தான். நீங்கள் அதில் கை வைத்தீர்கள். உலகத்தின் கணக்கில் உங்கள் கணக்கு முடிந்துவிட்டது. நான் ஏதோ சொன்னேன் என்பதற்காக இவ்வளவு சிரமம் எதற்கு?

ஸ்ட்ருவன்


இன்வர்னஸ்
3 ஏப்ரல் 1979

ஸ்ட்ருவன்,

படம் அழகாக இருக்கிறது. மோரக் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஆனால் நீ பாலத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறாய், மனுஷிக்கு இல்லை. நாலரை மணி நேரத்தில் நான் எங்கே உட்கார்வேன், எங்கே ஒதுங்குவேன்? கரிச்சேற்றை வலப்பக்கம் சுற்றினால் ஜூன் மாதத்தில் இடுப்பு வரை தண்ணீர். இடப்பக்கம் பழைய வேலிக் கம்பம் வரிசையாக இருக்கிறது, அதைப் பிடித்துப் போக வேண்டும். கொசுப்பூச்சிக்கு என்ன ஏற்பாடு? காற்றில்லாத நாளில் துறையில் நின்றால் மூஞ்சியே மிஞ்சாது. உன் படத்தில் இதெல்லாம் எங்கே?

இன்னொன்று. செப்டம்பரில் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவன், இப்போது "விட்டுவிடலாமே" என்கிறான். உனக்குக் காய்ச்சலா? அட்டவணையில் என்ன போட்டிருக்கிறது என்று அன்றைக்கு மோரக் உன்னிடம் சொன்னாள். "அட்டவணை எழுதினவர் குழாய் வெச்சுப் பார்த்தாரா?" என்று அவளைக் கேட்டவன் நீ. எதையோ மென்று விழுங்குகிறாய். நோயாளி ஒருத்தன் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று சொன்னால் அவன் சட்டையைத் தூக்கிப் பார்க்கிற ஆள் நான்.

எஸ்டேட் நிலத்தில் நடக்க மான்காவலர் லாக்கியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஜூனில் வேட்டை கிடையாது, மறுக்க மாட்டான். ஆனாலும் கேட்பது மரியாதை. நீயே எழுதிவிடு. என்னால் முடியாது.

இஷ்பெல்


ஷெட்லாந்து
16 ஏப்ரல் 1979

அத்தை,

சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன்.

போன நவம்பரில் இங்கே ஒரு கால்வாய் கட்டி முடித்தோம். நான் மட்டம் பார்த்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தபோது அது திரும்பி எங்கள் பக்கமே வந்தது. மேஸ்திரி பீட்டர்சன் பூட்ஸ் நனைய நின்று என்னைப் பார்த்தார். "தம்பி, தண்ணிக்குப் படிப்பு கிடையாது. அது பொய் சொல்லாது" என்றார். கருவியைச் சோதித்தோம். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு முளை அடித்து, இந்த முளையிலிருந்து அதைப் பார்க்க வேண்டும், பிறகு அந்த முளையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கருவி சரி. ஒத்துப்போகவில்லை. ஒரு திருகாணி தளர்ந்து, ரசமட்டக் குமிழி நட்டநடுவில் நின்றாலும் குழாய் கீழ்நோக்கிப் பார்க்கிறது. குழாய் கீழே பார்த்தால் தூரத்தில் இருப்பதெல்லாம் உயரமாகத் தெரியும். நூறு கெஜத்துக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல்.

கற்குவியலிலிருந்து மேற்கு மேடு முந்நூற்றைம்பது கெஜம் இருக்கும். கணக்கு உங்களுக்கே தெரியும். நான் சொன்ன நாலு அடி மலையில் இல்லை, என் குழாயில் இருந்தது.

செப்டம்பருக்கு நான் எடுத்து வந்தது இதே கருவி. முதல் வருஷ மாணவனுக்குக் கூடத் தெரியும், ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்துவிட்டு உயரம் சொல்லக் கூடாது. மேற்கு மேட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். எனக்குப் பொறுமையில்லை. ஒருதரம் பார்த்தேன், சொல்லிவிட்டேன்.

நவம்பரிலிருந்து எனக்கு இது தெரியும். நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அதன் பிறகும் லீவு கேட்காததற்கு உண்மையான காரணம் இதுதான். நான் சொன்னது உண்மையாகவாவது இருந்தால், உண்மையைச் சொன்னேன் என்று நின்றிருக்கலாம். இப்போது அதுவும் இல்லை. நீங்கள் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பாறையிடுக்கில் கிடந்தது, திருகாணி ஒன்றைச் சரிபார்க்காத ஒருவனால். லாக்கியின் நாய் மெக் உங்களைத் தேடும்போது ஆற்றில் போனதும் அதனால்தான். அந்த நாய் என் கணக்கு.

மேற்கு மேடு உயரமா, தாழ்வா, எனக்குத் தெரியாது. நீங்கள் ஜூனில் அங்கே போகக் காரணமே இல்லை.

ஸ்ட்ருவன்


இன்வர்னஸ்
2 மே 1979

ஸ்ட்ருவன்,

உன் கடிதத்தை மோரக் உரக்கப் படித்தாள், என் கண்ணாடி கிடைக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "இஷ்பெல், மீதிய நீயே படிச்சுக்கோ" என்று போய்விட்டாள்.

முதல் வாரம் உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதில் சிலது நீ கேட்டிருக்க மாட்டாய், பிரசவ அறையில் மட்டும் புழங்குவது. அதை எழுதி அடுப்பில் போட்டேன். ஒரு திருகாணி. எனக்கு விரல் இரண்டு போயிற்று, உனக்கு ஒரு திருகாணி.

இப்போது என் சட்டை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆண் மான் வேட்டை உச்சத்தில் இருந்தது. செப்டம்பரில் நாம் போனது ஞாயிறு, அன்றைக்கு யாரும் சுட மாட்டார்கள், கேள்வியே இல்லை. வார நாளில் போக வேண்டுமானால் காவலரிடம் எந்த மலை காலி என்று கேட்க வேண்டும். கேட்டேன். லாக்கி சொன்னான்: "நர்ஸம்மா, இன்னைக்கு பென் அர்வன் பக்கம் மட்டும் போகாதீங்க. லண்டன்காரர் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறேன். உங்க வாசனை பட்டா ஒரு மான் நிக்காது." நான் சொன்னேன்: "எனக்கென்ன, நான் ஆத்துக்கு இந்தண்ட இருக்கிற மால் ரோய் மலைக்குத்தான் போறேன்."

அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் மூத்த பெண் பிறந்தபோது நான்தான் கையில் வாங்கினேன். என் வார்த்தையை அவன் ஏன் சந்தேகப்பட வேண்டும்? அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தால் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஞாயிறு என்றால் யாராவது கூட வருவார்கள், அந்த மேட்டை நான் தடவிப் பார்ப்பதைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வெட்கம்.

லண்டன்காரர்கள் மழையைப் பார்த்து மத்தியானமே இறங்கிவிட்டார்கள். நான் அவர்கள் கண்ணில் படாமல் மறுபக்கம் ஏறிப் போனேன். வெட்டுப்பாறையில் கால் போயிற்று. இருட்டியதும் என்னைத் தேடி எல்லாரும் எங்கே போவார்கள்? மால் ரோய்க்குத்தான் போனார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தப்பான மலையில், விளக்குகள் மேலும் கீழும் போவதை நான் கிடந்தபடி பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் விசில் அடித்தேன். மலையில் ஆபத்துக்கு அடிக்கிற மாதிரி ஆறு தரம், நிறுத்தி, மறுபடி ஆறு தரம். மெக் காயம்பட்ட மானை மைல் கணக்கில் தொடர்ந்து போய்ப் பிடிக்கிற நாய். மனிதர் காதுக்கு முன்னால் அதன் காதுக்குக் கேட்டுவிட்டது. லாக்கி கூப்பிடக் கூப்பிட ஆற்றில் இறங்கிற்று. மழை பெய்து ஆறு கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அதன் பேரைச் சொல்லிக் கத்தினது எனக்குக் கேட்டது. எனக்காகக் கத்துகிறான் என்று நினைத்து நான் இன்னும் பலமாக விசில் அடித்தேன்.

விடியற்காலையில் தண்ணீர் வடிந்ததும் அவன்தான் முதலில் வந்தான். என்னைக் கம்பளியில் சுற்றினான். பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாயைப் பற்றியும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மோரக் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து நான் அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆகவே, மெக்கை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. உன் பக்கம் வேண்டிய அளவு இருக்கிறது, அதைப் பார்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஜூனில் மலை ஏறப் போவதில்லை. மோரக் வீட்டு வாசற்படி இரண்டையே பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். இது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். உன்னை அந்த மலைக்கு அனுப்பத்தான் திட்டம் போடச் சொன்னேன். நீ போ, லாக்கியோடு போ. அவனிடம் என் சார்பில் பேசு.

இஷ்பெல்


ஷெட்லாந்து
11 மே 1979

அத்தை,

முடியாது.

மலைக்குப் போகிறேன். கருவியைச் சரிசெய்துவிட்டேன், இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிறேன். அது என் வேலை, நான் பாதியில் விட்டது. ஆனால் லாக்கியிடம் உங்கள் சார்பில் பேச மாட்டேன். நீங்கள் இடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள். நான் ஷெட்லாந்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதைப் போலத்தான். இந்த வித்தையில் நான் ஐந்து மாதம் அனுபவசாலி, அதனால் பார்த்தவுடன் தெரிகிறது.

நாள் கேட்டு மட்டும் அவருக்கு எழுதினேன். கருவியைப் பற்றியும் எழுதினேன். நான்கு வார்த்தையில் பதில் வந்தது: "ஜூன் பதினாறு. கதவு பூட்டியிருக்கும்." அவ்வளவுதான். அது கோபமா, வெறும் தகவலா, எனக்குப் புரியவில்லை.

உங்களுக்கு வேறு திட்டம். இரும்புக் கதவிலிருந்து துறை வரை எஸ்டேட் பாதையில் வண்டி போகும். காவலர் பூட்டைத் திறந்தால் போதும். மோரக்கின் வேனில் நீங்கள் துறை வரை வரலாம். படி இல்லை, ஏற்றம் இல்லை. வேனிலிருந்து ஆற்றங்கரைப் பாறைக்கு இருபது தப்படி, இரண்டு கைத்தடி போதும். இடப்பக்கம் பழைய வேலிக் கம்பத்தைப் பிடித்து நான் மேலே போகிறேன். கொசுவலைத் தொப்பி வாங்கிவிட்டேன். ஒதுங்குவதற்கு ஹெதர் புதர் தாராளமாக இருக்கிறது.

மீதம் ஒன்றுதான். கதவைத் திறக்கச் சொல்லி அவருக்கு நீங்கள் எழுத வேண்டும். நீங்கள்தான்.

கோபம் வந்தால் அந்தப் பிரசவ அறை வார்த்தைகளை எழுதி அனுப்புங்கள். வைத்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ருவன்


இன்வர்னஸ்
29 மே 1979

ஸ்ட்ருவன்,

உனக்கு நாக்கில் எலும்பில்லை என்பது தெரியும், பேனாவிலும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

எழுதிவிட்டேன். ஒரு பக்கம் எழுதினேன், கிழித்தேன், மூன்று வரி எழுதினேன். பொய் சொன்னேன் என்று ஒரு வரி. விசில் என்னுடையது என்று ஒரு வரி. கதவைத் திறக்க முடியுமா என்று ஒரு வரி. மோரக் தபால் பெட்டி வரை கூடவே வந்தாள், நான் திரும்பி வந்துவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

பதிலுக்குப் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் தபால்காரன் வரும் நேரத்தில் நான் குளியலறைக்குள் இருந்தேன். நேற்று வந்தது. "கதவு திறந்திருக்கும். டீ நீங்க கொண்டு வாங்க நர்ஸம்மா, நான் போடுற டீ உங்களுக்குப் பிடிக்காது." கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, வேறு மையில், "மெக் நல்ல பொண்ணு" என்று ஒரு வரி.

மோரக் ஓட் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைக்கிறாள். துணியில் கட்டி வேகவைக்கும் திராட்சைக் கேக்கை நான் செய்கிறேன், உட்கார்ந்துகொண்டே செய்யலாம். நீ உன் குழாயைக் கொண்டு வா. வரும் வழியில் எதன் மேலாவது இடித்துத் தொலைக்காதே.

இஷ்பெல்


ஷெட்லாந்து
20 ஜூன் 1979

அன்புள்ள அத்தைக்கு,

துறையில் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். "மேல என்ன பார்த்தாலும் கீழ வந்து வாயால சொல்லாத. ஷெட்லாந்து போய் எழுது. எழுதும்போதுதான் நீ ஒருதரமாவது யோசிக்கிற" என்றீர்கள். வேனில் திரும்பி வரும்போது இரண்டு முறை வாய் வரை வந்தது. மோரக் கண்ணாடியில் என்னைப் பார்த்து முறைத்தார். அடக்கிக்கொண்டேன்.

நீங்கள் பார்க்காததை மட்டும் எழுதுகிறேன்.

லாக்கி தன் கோட்டைப் பாறைமேல் விரித்து உங்களை உட்காரவைத்த பிறகு, என்னோடு ஆற்றைக் கடந்து கம்பவேலி தொடங்கும் இடம் வரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். அவர் மேலே வரப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைக் கொடுத்தார். கைக்கு அடங்கும் அளவு, இன்னும் ஈரம்.

"இத மேல வெச்சிடு."

"எந்த மேட்டுல அண்ணே?"

"உச்சி எதுன்னு பார்க்கத்தானே தம்பி போற? பார்த்துட்டு அங்க வை."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மெக் எது உசரம்னு கேட்டுட்டு ஆத்துல இறங்கல. யாரோ கூப்பிட்டாங்க, போச்சு. நீ மேகம் வர்றதுக்குள்ள ஏறு." அவ்வளவு சொல்லிவிட்டு உங்கள் பக்கம் திரும்பி நடந்தார்.

உங்கள் வேலிக் கம்பங்கள் சரியாக இருந்தன. என் படம் தப்பு. வலப்பக்கம் போயிருந்தால் மூழ்கியிருப்பேன்.

கற்குவியலில் முக்காலியை நட்டு மேற்கு மேட்டைப் பார்த்தேன். குறித்துக்கொண்டேன். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு புல் விளிம்பு வழியாகப் போனேன். போகும்போது வெட்டுப்பாறையை மேலிருந்து எட்டிப் பார்த்தேன். உங்கள் ஃபிளாஸ்க்கின் சிவப்பு மூடி இடுக்கில் கிடந்தது. இறங்கி எடுத்தேன். காய்ந்த பாறையில், பட்டப்பகலில், இரண்டு கால் நல்லாயிருக்கிற எனக்கே உட்கார்ந்து நகர்ந்துதான் இறங்க முடிந்தது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை நான் திட்டத்தில் போடவில்லை. மூடி நசுங்கியிருக்கிறது, ஆனாலும் இதோடு அனுப்புகிறேன்.

மேற்கு மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால், கற்குவியல் நிற்கும் தரைக்கும் மேற்கு மேட்டுப் பாறைக்கும் இருக்கும் வித்தியாசம் என் கையகலம். ஆனால் தரை என்பது எது? குவியலைச் சுற்றிச் சரளை மூடியிருக்கிறது. உள்ளே பாறை மேலெழும்பி இருக்கலாம், குழிந்தும் இருக்கலாம். கலைத்துப் பார்த்தால்தான் தெரியும். மறுபடி குவியலுக்குப் போனேன். மேலிருந்து கல்லை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தேன். சில கல்லுக்கு அடியில் மோரக்கின் வெள்ளைக் கல் வந்தது. நீங்கள் அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஆகவே என் முடிவு: எது உச்சி என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கருவியை வைத்துக்கொண்டு, அந்தக் குவியல் அங்கே இருக்கும் வரை, யாராலும் சொல்ல முடியாது. செப்டம்பரில் டூகல் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இதுதான். இதைச் சொல்லக்கூட அவசியம் இருந்திருக்காது, யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் கீழே வந்தபோது உங்கள் தலையில் லாக்கியின் தொப்பி இருந்தது. நடுவில் ஃபிளாஸ்க், கேக்கில் பாதி காலி. என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது, கொசுப்பூச்சி என்று சொன்னீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. லாக்கி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "வெச்சியா?" வைத்தேன் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் அவருக்கு எழுதும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

மறுபடி மேற்கு மேட்டுக்கு நடந்து, அங்கே வைத்தேன். அங்கே இதுவரை யாரும் ஒரு கல் கூட வைத்ததில்லை, வெறும் பாறை. அது உச்சி என்பதால் வைக்கவில்லை. அங்கே நின்றால் ஆறு திரும்பும் இடமும் துறையும் தெரிகின்றன. உங்களையும் அவரையும் இரண்டு புள்ளியாகப் பார்த்தேன். கற்குவியலிலிருந்து பார்த்தால் முகடு மறைக்கிறது, துறை தெரியாது.

இதை இரண்டு மேட்டிலிருந்தும் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

ஸ்ட்ருவன்